சம்பளம் 21,000 தாண்டப் போகுதா? இ.எஸ்.ஐ. போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

தொப்பூர்ல இருந்து தினமும் தருமபுரிக்கோ சேலத்துக்கோ வேலைக்குப் போறீங்களா? பேஸ்லிப்பை எடுத்துப் பாருங்க. சம்பளம் 20,000 ரூபாய்னா, இ.எஸ்.ஐ.க்கு 150 ரூபாய் பிடிச்சிருப்பாங்க. "நான் ஆஸ்பத்திரிக்கே போறதில்லையே, எனக்கு எதுக்கு?"ன்னு தோணும்.

உங்க பங்கு 0.75%. கம்பெனி பங்கு 3.25%, அதாவது 650 ரூபாய். இதுக்கு மேல நீங்க போடறது எதுவும் கிடையாது. டிஸ்பென்சரியில டாக்டருக்கும் மருந்துக்கும் காசு இல்லை. மனைவி, குழந்தைங்க, உங்களை நம்பியிருக்கிற அப்பா அம்மாவுக்கும் அப்படித்தான்.

தனியார் பாலிசி சிலதுல 20% கோ-பே இருக்கும். 2 லட்சம் பில்லுக்கு 40,000 உங்க பாக்கெட்ல இருந்து போகும். 'கொஞ்சம் காசு கட்டினாத்தான் தேவையில்லாம வரமாட்டாங்க'ங்கிறது இதுக்குச் சொல்ற நியாயம். அமெரிக்காவுல ராண்ட் நிறுவனம் 1970கள்ல ஆயிரக்கணக்கான பேரை வெச்சு இதைச் சோதிச்சுது. தேவையில்லாத சிகிச்சை குறைஞ்சது, தேவையானதும் கூடவே குறைஞ்சது! இலவச சிகிச்சை கிடைச்ச ஏழைகளுக்கு பிபி நல்லாவே கட்டுக்குள்ள இருந்தது. அதனால, உடம்பு முடியாத நாள்ல கேட்காம சம்பள நாள்லயே வாங்கிக்கிற இ.எஸ்.ஐ. முறைதான் எனக்குச் சரின்னு படுது.

சரி, உடம்பைப் பார்த்துக்கிறவங்களுக்கு அரசு சலுகை ஏதாவது உண்டா? வருமான வரியில ஹெல்த் செக்கப்புக்கு 5,000 ரூபாய் வரை கழிவு இருக்கு. ஆனா பழைய வரி முறையில மட்டும். மாசம் 22,000 வாங்கறவருக்கு வரியே வராது, அப்புறம் கழிவை வெச்சு என்ன பண்றது? அவருக்கு உபயோகமானது, ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமா பிபி, சுகர் பார்க்கிறதுதான்.

இப்ப முக்கியமான இடம். சம்பளம் 21,000 தாண்டினா அந்த பங்களிப்புக் காலம் (ஏப்ரல்–செப்டம்பர் அல்லது அக்டோபர்–மார்ச்) முடியற வரைக்கும் பிடிப்பாங்க, அதுக்கப்புறம் இல்லை. ஏப்ரல்–செப்டம்பர் கட்டினதுக்கான பலன் அடுத்த ஜனவரி–ஜூன்ல கிடைக்கும். பிறகு முதலமைச்சர் காப்பீட்டுக்குப் போகலாமா? குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும். ஆயிரம் ரூபாய் இன்கிரிமென்ட்ல ரெண்டு பக்கமும் இல்லாம நிப்பீங்க.

தொப்பூர் கணவாய்ல லாரி விபத்து நமக்குப் புதுசில்லை. அடிபட்டவங்களுக்கு, 2021 டிசம்பர்ல வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல முதல் 48 மணி நேரம் வருமானம் பார்க்காம இலவச சிகிச்சை, அதுக்குன்னு ஒரு உச்சவரம்போட. எலும்பு முறிவுக்கு மூணாவது நாளும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கணும், அந்த பில்லை யார் கட்டறது?

அதனால இன்கிரிமென்ட் லெட்டர் வந்த மாசமே பாலிசி எடுங்க. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம், அந்தக் கணக்கு இ.எஸ்.ஐ. இருக்கும்போதே ஓட ஆரம்பிக்கட்டும். 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கோ-பே எத்தனை சதவீதம்னு கேட்டு, எழுத்துல வாங்குங்க.