செய்மதி மறைந்தாலும் பிசகாத மணிக்கூடு

நோன்பு காலத்தில் வீட்டு மணிக்கூடு ஒரு நிமிடம் முந்தி ஓடினாலும் கவலைதான். சூரியன் மறையுமுன் நோன்பு திறந்துவிட்டால் அதைக் கழாச் செய்ய வேண்டி வரும். ஸுபஹுக்கு மணிக்கூடு பிந்தினாலும் இதே கதைதான்.

மணிக்கூடு ஏன் பிசகுகிறது? அதனுள்ளே செக்கனுக்கு 32,768 தடவை அதிரும் சிறிய குவார்ட்ஸ் பளிங்கு உண்டு. சூடு கூடிக் குறைய அதன் அதிர்வும் மாறும். மாதத்துக்கு 15, 20 செக்கன் பிசகினாலும் சில மாதங்களில் ஒரு நிமிடமாகிவிடும். அதனால் அடுப்படிச் சுவரில் அதை மாட்டாதீர்கள்.

சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜீ.பீ.எஸ். செய்மதிகளில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. அந்த நேரத்தை எவரும் இலவசமாகப் பெறலாம். தொழில்நுட்பம் படிக்கும் மகனோ மகளோ வீட்டில் இருந்தால் இப்படிச் செய்யச் சொல்லுங்கள்.

ஜீ.பீ.எஸ். ரிசீவர் ஒன்று, டீ.எஸ். 3231 என்னும் நேரச் சில்லு ஒன்று, வைஃபை உள்ள ஈ.எஸ்.பி. 32 பலகை ஒன்று. மூன்றும் விலை குறைந்தவை. அன்டெனாவை வானம் தெரியும் ஜன்னலோரம் வையுங்கள். உலக நேரத்துடன் 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டினால் இலங்கை நேரம். பள்ளிவாசலிலோ மத்ரஸாவிலோ வைத்தால் அங்குள்ள கணினிகளும் வைஃபை வழியாக இதிலிருந்தே நேரம் எடுக்கலாம்.

கைத்தொலைபேசி போதாதா என்பீர்கள். சார்ஜும் சிக்னலும் இருக்கும்வரை போதும். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் மின்சாரம் இல்லாதிருந்தோம்; அடுத்த சில நாட்களில் ரமழான் பிறந்தது. அப்படியான நாளில்தான் இந்தச் சில்லின் அருமை தெரியும். மின்சாரம் நின்றாலும் நாணயம் போன்ற சிறு பற்றரியில் அது ஓடும். தன் சூட்டைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும். பத்து நாள் செய்மதி கிடைக்காவிட்டாலும் பிசகு சுமார் 2 செக்கனுக்குள்தான் இருக்கும். செய்மதி தெரியும் நாட்களில் சில்லு எவ்வளவு பிசகுகிறது என்பதைப் பலகை குறித்து வைத்து, பிறகு அதைக் கழித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

செய்து முடித்ததும் அன்டெனாவை மூன்று நாள் கழற்றி வையுங்கள். திரும்ப மாட்டும்போது எத்தனை செக்கன் வித்தியாசம் என்று பாருங்கள். அந்தப் பரீட்சையில் தேறினால் நம்பலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். மட்டக்களப்பில் சூரியன் கொழும்பைவிடச் சில நிமிடங்கள் முந்தியே மறையும். ஆகவே சரியான மணிக்கூட்டின் பக்கத்தில் உங்கள் ஊருக்குரிய தொழுகை நேர அட்டவணையே தொங்கட்டும்.