பூங்காவுக்குள் ஓட்டலாம், கடைக்குப் போகக் கூடாது

ஒரு பெண் சைக்கிள் ஓட்டினால் அடுத்தவருக்கு என்ன நஷ்டம்? பெட்ரோல் இல்லை, புகை இல்லை, ஹாரன் சத்தம்கூட இல்லை. ரோட்டோரமாகத் தன் பாட்டுக்குப் போகிறாள். ஆனாலும் டீக்கடை பெஞ்சில் நாலு தலை திரும்புகிறது. அதில் ஒரு வாயாவது திறக்கிறது. ஏன்? அவசரமில்லை, டீ இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. மெதுவாகவே பார்ப்போம்.

முதலில், சொல்லப்படுவது என்ன என்று கேளுங்கள். "உடம்புக்கு ஆகாதும்மா." "கர்ப்பப்பை இறங்கிடும்." "விழுந்து கை கால் முறிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா?" "தாவணி செயின்ல மாட்டிக்கும்." நாற்பதைத் தாண்டியவளாக இருந்தால், "இந்த வயசுல இது எதுக்கு?" கொஞ்சம் வசதியான வீட்டுப் பெண்ணாக இருந்தால், "ஏன், வண்டி வாங்கப் பணமில்லையா?" கவனித்தீர்களா, இதில் ஒன்றுகூட 'போகாதே' என்று சொல்லவில்லை. எல்லாமே அக்கறை. அவள் உடம்பு மேல், அவள் கல்யாணத்தின் மேல், அவள் துணி மேல் அக்கறை.

சரி, அக்கறை என்றே எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லலாம். கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிப்பவை இடுப்புத் தரைத் தசைகளும் தசைநார்களும். அது இறங்குவதற்கு அடுத்தடுத்த பிரசவங்கள், வயது, ஓயாத இருமல், மலச்சிக்கல், காலமெல்லாம் கனம் தூக்குவது என்று பல காரணங்களை மருத்துவர்கள் சொல்வார்கள். சைக்கிள் அந்தப் பட்டியலில் இல்லை. கனம் தூக்குவது இருக்கிறது. தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று மூன்று தெரு தாண்டித் தண்ணீர் கொண்டுவரும் பெண்ணைப் பார்த்து "கர்ப்பப்பை பத்திரம்" என்று யாரும் பதறி நான் கேட்டதில்லை.

கன்னித்திரை கிழிந்துவிடும் என்று வாய்க்குள்ளேயே முணுமுணுப்பவர்களும் உண்டு. அந்தச் சவ்வை வைத்து ஒரு பெண்ணைப் பற்றி எதையும் கண்டுபிடிக்க முடியாது. கன்னித்தன்மைச் சோதனைக்கு மருத்துவ ஆதாரமே இல்லை, அதை எங்கும் செய்யக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனமும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் 2018இல் அறிவித்துவிட்டன. தாவணி பற்றிய பேச்சுக்கான பதில் இன்னும் பழையது. முன்பக்கக் கம்பி தாழ்ந்த லேடீஸ் சைக்கிள், செயினுக்கு மூடி, பின்சக்கரத்தில் துணி சிக்காமலிருக்க வலை எல்லாம் வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உடம்பு சம்பந்தமாக உண்மையான தொந்தரவு ஒன்று உண்டென்றால், அது சீட். பெண்களுக்குப் பொதுவாக உட்காரும் எலும்புகளின் இடைவெளி கொஞ்சம் அதிகம். ஆண்களுக்கான ஒடுங்கிய சீட்டில் உட்கார்ந்தால் வலிக்கத்தான் செய்யும். அகலமான சீட்டாக மாற்றினால் தீர்ந்தது.

ஆனால் இப்படிப் பதில் சொல்லிக்கொண்டே போனால் பேச்சு நிற்குமா என்றால், நிற்காது. ஒன்றுக்குப் பதில் சொன்னால் இன்னொன்று வரும். அது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல.

இரண்டு சக்கரமும் ஒரே அளவில் இருக்கிற, இன்று நாம் ஓட்டுகிற மாதிரியான சைக்கிளை இங்கிலாந்தில் ஸ்டார்லி 1885இல் கொண்டுவந்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதன் பிறகு அங்கே பெண்கள் கூட்டம் கூட்டமாக ஓட்ட ஆரம்பித்தார்கள். உடனே மருத்துவர்கள் சிலர் ஒரு நோயைக் கண்டுபிடித்தார்கள். அதற்குச் 'சைக்கிள் மூஞ்சி' என்று பெயர். விழாமல் ஓட்டும் பதற்றத்தில் கண் பிதுங்கி, தாடை இறுகி, முகம் வெளிறி, அழகு போய்விடுமாம். நிஜமாகவே பத்திரிகைகளில் எழுதினார்கள். சிகாகோவில் சாரா ஹாக்கெட் ஸ்டீவன்சன் என்ற பெண் மருத்துவர்தான் 1897இல் பொறுமையாக விளக்கினார்: அது புதிதாகக் கற்றுக்கொள்பவர்களின் பயம், ஓட்டப் பழகினால் முகம் தானாகச் சரியாகிவிடும் என்று.

அதே 1897 மே மாதம் கேம்பிரிட்ஜில், பெண்களுக்கும் முழுப் பட்டம் தரலாமா என்று வாக்கெடுப்பு. எதிர்ப்பைக் காட்ட மாணவர்கள் ஒரு பொம்மை செய்து, வாக்கெடுப்பு நடந்த மன்றத்துக்கு எதிரே உயரத்தில் தொங்கவிட்டார்கள். அந்தப் பொம்மை, சைக்கிள் ஓட்டும் பெண். பட்டத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? புத்தகம் ஏந்திய பெண்ணைத் தொங்கவிட்டிருக்கலாமே? அவர்களுக்குச் சம்பந்தம் தெரிந்திருந்தது. தீர்மானம் பெரும் வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. பையன்கள் பொம்மையைப் பிய்த்து, பெண்கள் படித்த நியூன்ஹம் கல்லூரி வாசலில் கொண்டுபோய்த் திணித்தார்கள். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948இல், நமக்குச் சுதந்திரம் கிடைத்த பிறகு.

இப்போது சவூதி அரேபியாவுக்கு வருவோம். இந்த விஷயத்தில் எனக்குத் தெளிவு வந்தது அந்த ஊர்ச் செய்தி ஒன்றால்தான். 2013 ஏப்ரலில், பெண்கள் சைக்கிள் ஓட்ட அனுமதி என்று அங்கே நாளிதழில் வந்தது. அன்றைய நிபந்தனைகளைப் பாருங்கள். உடல் முழுக்க அபாயா போட்டிருக்க வேண்டும். கூட ஆண் உறவினர் இருக்க வேண்டும். பூங்காவிலும் பொழுதுபோக்கு இடங்களிலும் ஓட்டலாம். பொழுதுபோக்குக்கு மட்டும்தான், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதற்கு அல்ல. முந்தின வருஷம்தான் ஹைஃபா அல் மன்சூர் என்ற சவூதிப் பெண் இயக்குநர், சைக்கிளுக்கு ஆசைப்படும் சிறுமியைப் பற்றி 'வஜ்தா' என்ற படத்தை எடுத்திருந்தார்.

அந்த நிபந்தனையில் உண்மை பளிச்சென்று வெளிவந்துவிட்டது. சுற்றிச் சுற்றி ஓட்டு, எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் ஓட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வா. அப்படியென்றால் உடம்பு கெடாது, அடக்கமும் கெடாது. அவள் கடைக்கோ தோழி வீட்டுக்கோ போய்ச் சேர்ந்தால்தான் கெடும். உறுத்துவது சைக்கிள் அல்ல, யாரையும் கேட்காமல் ஓரிடத்துக்குப் போய்ச் சேர்வது. பஸ்ஸில் போனால் கண்டக்டர் பார்ப்பார், பக்கத்துச் சீட்டில் ஊர்க்காரர் இருப்பார், கடைசி பஸ்ஸின் நேரம் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் பைக்கில் போனால் அண்ணனுக்குத் தெரியும். சைக்கிளில் போகிறவள் எப்போது கிளம்பினாள், எந்த வழியாகப் போனாள், எப்போது திரும்புவாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். நாலு தலை திரும்புவது இதற்காகத்தான் என்பது என் எண்ணம்.

இந்தப் பேச்சை நிறுத்திக் காட்டிய ஊர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. புதுக்கோட்டை. அங்கே 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இயக்கம். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். தொண்டர்களில் பெண்கள் நிறையப் பேர். சொல்லிக்கொடுக்கும் நேரமோ வேலையெல்லாம் முடிந்த சாயங்காலம், இரவு. பஸ் எப்போதாவது வரும் கிராமங்கள். அந்த நேரத்தில் ஒரு பெண் அடுத்த ஊருக்கு எப்படிப் போவாள்? யாராவது கொண்டுபோய் விட வேண்டும், திரும்பக் கூட்டிவர வேண்டும். 'அ' எழுதத் தெரிந்து என்ன பயன், பக்கத்து ஊருக்குப் போக ஆள் தேட வேண்டியிருந்தால்? அதனால் சைக்கிள் ஓட்டுவதையும் அறிவொளிப் பாடத்திலேயே சேர்த்துவிட்டார்கள். அரசாங்கத் திட்டங்களில் இவ்வளவு நேரடியான யோசனை அபூர்வம்.

முதலில் ஓட்டியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. காது கொடுத்துக் கேட்க முடியாத பேச்சு, நடத்தையைப் பற்றிய பேச்சு. அப்புறம் என்ன நடந்தது என்பதுதான் விசேஷம். ஊர் ஊராகப் பயிற்சி முகாம் போட்டார்கள். நல்ல புடவை கட்டிக்கொண்டு பெண்கள் வந்து வரிசையில் நின்று கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொண்டவள் அடுத்தவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். சைக்கிளைப் பற்றிப் பாட்டுக் கட்டினார்கள். கடன் கொடுக்க வங்கிகளைப் பிடித்தார்கள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனது. பரவாயில்லை என்று ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அதுதான் நல்லது என்று சொன்னவர்களும் உண்டு, முன்பக்கக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! முன்னால் பிள்ளை, பின்னால் கேரியரில் சந்தைக்குப் போகும் சரக்கு, இல்லையென்றால் இரண்டு மூன்று தண்ணீர்க் குடம் என்று பெண்கள் போவது சாதாரணக் காட்சி ஆனது.

1992 மகளிர் தினத்தன்று ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை டவுனுக்குள் சைக்கிளில் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்த மாவட்டத்துக்குப் போய் எழுதியபோது, சைக்கிளுக்கு மாறிய கிராமத்துப் பெண்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள் என்று கணக்குச் சொன்னார். (அவருடைய கட்டுரை என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் இடம்பெற்றது. தில்லிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த புதுக்கோட்டை திருச்சிப் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று கேட்காதீர்கள்.)

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்தச் சில வருஷங்களில் புதுக்கோட்டை ஆண்களின் மனசு மாறிவிட்டதா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. மாறியது எண்ணிக்கை. ஒருத்தி போனால் "அவளைப் பாரு" என்று சொல்லலாம், அவள் பெயர் தெரியும், அப்பன் பெயர் தெரியும். நாற்பது பேர் போனால் யாரைச் சொல்வது? அதில் சொல்கிறவரின் தங்கையும் இருப்பாள், மருமகளும் இருப்பாள். கூடவே கலெக்டரே பக்கபலமாக நிற்கிறார். ஏளனம் தனி ஆளிடம்தான் செல்லுபடியாகும். சைக்கிள் ஓட்டும் பெண்ணுக்கு "நீ தைரியமா இரு" என்று புத்தி சொல்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். தைரியம் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது, இல்லையென்றால் ஏறியிருக்கவே மாட்டாள். அவளுக்கு வேண்டியது கூட வரும் இரண்டு பேர்.

காபூலில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். ஆப்கானிஸ்தானின் பெண்கள் சைக்கிள் அணி பயிற்சிக்குப் போனபோது ரோட்டில் கல்லெறிந்தார்கள். அணி என்று பெயர், ஆனால் அவ்வளவு பெரிய ஊருக்கு நடுவில் கொஞ்சம் பேர்தான். அதில் ஓட்டிய மசூமா அலி ஸாதா பிரான்சுக்குப் போய், டோக்கியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணிக்காக ஓட்டினார். சொந்த ஊரில் ஓட்ட முடியவில்லை.

நம் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2001-02இலிருந்து, முதலில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கும் பிறகு மற்றவர்களுக்கும் இலவச சைக்கிள் கொடுக்கிறார்கள். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். அதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். பணம் ஒரு காரணம். இன்னொன்று, வகுப்புப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சைக்கிள் வந்ததால் சேர்ந்து போனார்கள். புதுக்கோட்டைக் கணக்குதான்.

ஆனால் அந்தப் பள்ளிச் சைக்கிள்கள் அப்புறம் எங்கே போகின்றன? நம் கிராமங்களில் கேட்டுப் பாருங்கள். பிளஸ் டூ முடிந்ததும் தம்பிக்கு, இல்லையென்றால் அப்பாவுக்கு வயலுக்குப் போக. பள்ளிக்கூடம் என்ற ஒரே இடத்துக்குத்தான் அவளுக்கு அனுமதி இருந்தது. அந்த இடம் முடிந்ததும் அனுமதியும் முடிந்தது. சவூதிப் பூங்காவுக்கு ஒரு வேலி என்றால் இதற்கு வேறொரு வேலி, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் வீட்டில் ஓட்டத் தெரியாத பெண் இருந்தால், எந்த வயதானாலும் கற்றுக்கொள்ள முடியும். சீட்டை நன்றாக இறக்குங்கள், இரண்டு காலும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். பெடலைக் கழற்றிவிடுங்கள். லேசான சரிவில் காலால் உந்திக்கொண்டே போகட்டும். பேலன்ஸ் வந்த பிறகு பெடலை மாட்டினால் போதும். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவதைவிட இது சுலபம், விழுவதும் குறைவு. முடிந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இருவராகக் கற்றுக்கொள்ளட்டும். பழகியதும் மைதானத்தைச் சுற்றச் சொல்லாதீர்கள், ஏதாவது ஒரு வேலையாக ஓர் இடத்துக்குப் போய்வரட்டும். திரும்பி வந்ததும், ஏன் இவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்காமல் இருங்கள்.