கல்லறை முதலில், கோயில் பிறகு

மூணாறு பழைய ஊரில் சாலைக்கு மேலே, குன்றின் சரிவில் நிற்கிறது கிறைஸ்ட் சர்ச். கருங்கல்லில் எழும்பிய அடக்கமான கட்டடம். 1910 மார்ச்சில் அடிக்கல் நாட்டி, 1911-ல் திறந்தார்கள். அதற்கும் மேலே ஏறினால் கல்லறைத் தோட்டம். எங்கும் கோயில் கட்டிய பிறகுதான் கல்லறைகள் சேரும். இங்கே முறை தலைகீழ். கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களின் மேலாளராக இருந்த ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட்டின் மனைவி எலினார் இசபெல், 1894 டிசம்பரில், மலையேறி வந்த சில நாட்களிலேயே காலராவில் இறந்துபோனார். வயது 24. இந்தக் குன்றைப் பார்த்து மயங்கி, 'செத்தால் என்னை இங்கேதான் புதைக்க வேண்டும்' என்று அவர் முன்பே சொல்லியிருந்ததாக ஊரில் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, கல்லறை நிஜம். கோயில் வருவதற்கு அதன் பிறகு பதினாறு, பதினேழு ஆண்டுகள் ஆயின.

உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னல், பழைய மர பெஞ்சுகள், சுவரில் பித்தளைத் தகடுகள். தகடுகளில் இருப்பவை துரைமார் பெயர்கள். காடு வெட்டியவருக்கும் கொழுந்து எடுத்தவருக்கும் தகடு கிடையாது. இன்று அதே கோயிலில் தமிழிலும் வழிபாடு நடக்கிறது. அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது.

துரை பங்களாக்கள் தேயிலைக்கு நடுவே மேட்டில் இருக்கும். வாசலில் புல்தரை, கூடத்தில் கணப்பு, சுற்றிலும் ரோஜா, டேலியா, ஹைட்ரேஞ்சியா. சீமையிலிருந்து வந்தவர்கள் சீமைத் தோட்டத்தையே இங்கே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஹைட்ரேஞ்சியாப் பூவின் நிறம் மண்ணைப் பொறுத்தது. புளிப்பு மண்ணில் செடி அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகப் பூக்கும். சுண்ணாம்பு மண்ணில் இளஞ்சிவப்பாகப் பூக்கும். தேயிலைக்கும் புளிப்பு மண்தான் வேண்டும். அதனால் தேயிலை செழிக்கும் மேட்டில் இந்தப் பூ நீலமாக இருப்பதில் வியப்பில்லை. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்தால் புல்லும் கொழுந்தும் ஒருசேரக் கருகும். சில பங்களாக்கள் இப்போது விடுதிகளாகிவிட்டன. மற்றவை மேலாளர் குடியிருப்புகள் என்பதால் அனுமதியில்லாமல் நுழைய முடியாது.

இந்த மலைவாழ்வு தேனிப் பக்கத்தை நம்பியே நடந்தது. மூணாற்றிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை 1902-ல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-ல் அது குறுகிய ரயில்பாதையானது. டாப் ஸ்டேஷனில் ஏற்றிய தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வண்டியில் போயின. அரிசியும் சாமான்களும் அதே வழியில் மேலே ஏறின. 1924 வெள்ளம் ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. மலையாளக் கொல்லம் ஆண்டுக் கணக்கில் அது 1099 என்பதால், கேரளத்தில் இன்னும் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள். மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-ல்தான்.

தேனிப் பக்கத்தில் மலையடியில் இருக்கும் தேவாரம் ஊர்க்காரர்களுக்குத் தலைக்கு மேலேயே மலை. ஆனாலும் மலையேறச் சாக்குலூத்து மெட்டு வழியாகச் சாலை கேட்டுக் கேட்டு ஓய்ந்தவர்கள் அவர்கள். வண்டியில் போக போடியைச் சுற்றத்தான் வேண்டும். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. பிறகு பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறு. போடியிலிருந்து மொத்தம் எழுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விடியற்காலையில் கிளம்பினால் கோயிலையும் கல்லறைகளையும் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வளைவுகளில் இறங்கிவிடலாம்.