சிட்டையில் எழுதிவிட்டுக் கொடு

கார்த்திகை தீபத்தன்று மாலை, திருவண்ணாமலை தேரடி வீதியில் ஒரு பூசைப் பொருள் கடையின் கல்லா ஓரம் நின்று பாருங்கள். கற்பூரம், நெய், அகல் என்று நாலு கைகள் ஒரே நேரத்தில் நீளும். வாடிக்கைக்காரர் ஒருவர் கடனுக்குக் கேட்கிறார். பொருளை நீட்டுவதற்கு முன்பே கடைக்காரர் சிட்டையில் ஒரு வரி எழுதிவிடுகிறார். கூட்டம் கலைந்த பிறகு சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் பெயர்வாரியாக ஏற்றுகிறார். நடுவே கரண்ட் போனாலும் கணக்கு தப்பாது.

இதே ஊரில் ஒரு கல்லூரி மாணவர், நண்பர்கள் சேர்ந்து விளையாட லுவான்டி சர்வர் ஒன்றை வைக்கிறார் என்று கொள்வோம். பின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அஹோலா 2010இல் மைன்டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கிய இலவச மென்பொருள் அது; 2024இல் பெயர் மாறியது. கனசதுரக் கற்களை அடுக்கி உலகம் கட்டலாம். ஒரு கல் ஒரு மீட்டர். அண்ணாமலையார் கோயிலின் 217 அடி ராஜகோபுரத்தை அளவு பிசகாமல் எழுப்ப 66 கல் உயரம் வேண்டும். 16 கல் நீளம், 16 அகலம், 16 உயரம், ஆக 4,096 கற்களை ஒரு பெட்டியாகக் கட்டித்தான் சர்வர் டேட்டாபேஸில் வைக்கிறது. கோபுரத்தின் அடியிலிருந்து உச்சிவரை குறைந்தது ஐந்து பெட்டிகள். உச்சியில் ஒரே ஒரு கல்லை மாற்றினாலும் அந்தப் பெட்டி முழுவதும் மறுபடி எழுதப்படும்.

இந்தப் பெட்டிகளை எதில் வைப்பது? லுவான்டி தானாக எடுத்துக்கொள்வது எஸ்கியூலைட். ரிச்சர்ட் ஹிப் 2000இல் உருவாக்கிய இதற்குத் தனி சர்வர் வேண்டாம். டேட்டாபேஸ் முழுவதும் ஒரே கோப்பு. எத்தனை பேரும் ஒரே நேரத்தில் படிக்கலாம், எழுதுபவர் மட்டும் ஒருவர். சந்நிதியில் நூறு பேர் தரிசிக்கலாம், தீபாராதனை காட்டும் கை ஒன்றுதான். ஆட்டக்காரர் பலரானாலும் கோப்பில் எழுதுவது சர்வர் மட்டுமே என்பதால், நண்பர் வட்டத்துக்கு இது தாராளம்.

விளையாட்டின் விவரங்களை வேறொரு இணையதளமும் எடுத்து மாற்ற வேண்டும், டேட்டாபேஸ் வேறு கணினியில் இருக்க வேண்டும் என்ற நிலை வந்தால் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் பொருந்தும். பலர் ஒரே நேரத்தில் எழுதினாலும் அது தாங்கும். ரெடிஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் எல்லாவற்றையும் நினைவகத்திலேயே வைப்பதால் மின்னல் வேகம். ஆனால் உலகம் வளர வளர ரேம் போதாது. நொடிக்கு ஒருமுறை வட்டில் எழுதும்படி அமைத்திருந்தால், கரண்ட் போகும்போது கடைசி நொடியில் நடந்தது போய்விடலாம்.

அந்த ஒரு நொடியில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. ஆட்டக்காரர் நாலடி நடந்திருந்தால் கவலையில்லை, மறுபடி நடப்பார். ஒருவர் தன் வாளைக் கொடுத்து இன்னொருவரிடம் பொற்காசு வாங்கியிருந்தால்? வாள் கைமாறிய பிறகு, காசு சேரும் முன் சர்வர் விழுந்தால் ஒருவர் ஏமாந்து நிற்பார். கொடுத்ததும் வாங்கியதும் இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டுமே நடக்காததாக ஆக வேண்டும். டேட்டாபேஸ் உலகில் இதற்குப் பெயர் டிரான்சாக்ஷன்.

இதைக் காப்பது சிட்டைதான். மாற்றத்தை முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிவிட்டுப் பிறகே உண்மையான கோப்பைத் தொட வேண்டும். இந்த முறைக்கு முழுமையான இலக்கணம் வகுத்தவர்களில் முதன்மையானவர் சென்னை ஐஐடியில் படித்த சி. மோகன். ஐபிஎம்மின் அல்மேடன் ஆய்வகத்தில் இருந்தபோது சகாக்களுடன் 1992இல் அவர் வெளியிட்ட ஏரீஸ் என்ற வழிமுறை மூன்று படிகளில் வேலை செய்கிறது. விழுந்து எழுந்த கணினி முதலில் பதிவேட்டைப் படித்து, எது பாதியில் நின்றது என்று கண்டறியும். அடுத்து, பதிவான எல்லாவற்றையும் திரும்பச் செய்யும். கடைசியாக, முடியாமல் போனவற்றை மட்டும் அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஐபிஎம்மின் டிபி2, மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் இரண்டும் இந்த வழியில் வந்தவை. ஐஸ்லாந்தில் உருவாகி, உலகெங்கும் 2003 முதல் விளையாடப்படும் ஈவ் ஆன்லைன் தன் கணக்கை வைத்திருப்பது அந்த எஸ்கியூஎல் சர்வரில்தான்.

ஆகவே வேக அட்டவணைகளைப் பார்க்கும் முன் அந்த மாணவர் ஒரு தாளை எடுத்து இரண்டு பத்திகள் போடட்டும். தொலைந்தால் திரும்பச் செய்யக்கூடியவை ஒரு பக்கம், தொலைந்தால் நண்பன் முகத்தில் விழிக்க முடியாதவை மறுபக்கம். லுவான்டியில் உலக வரைபடத்துக்கும் ஆட்டக்காரர் உடைமைக்கும் தனித்தனி டேட்டாபேஸ் வைக்கலாம். எஸ்கியூலைட்டில் தொடங்கி, கூட்டம் கூடினால் சர்வரை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றையும் ஒரு கட்டளையில் போஸ்ட்கிரெஸுக்கு மாற்றலாம். எதில் வைத்தாலும் தினமும் ஒரு நகல் வேறு கணினியில் இருக்கட்டும். 66 கல் கோபுரத்தை விடுமுறை முழுக்க உட்கார்ந்து கட்டிய பிள்ளை, மறுநாள் உள்ளே நுழையும்போது கோபுரம் அங்கேயே நிற்க வேண்டும்.