பல்சக்கரத்தில் ஒரு பல்

சீர்காழி வட்டாரத்துச் சங்கங்களுக்குத் தணிக்கைக்காகச் செல்லும்போது அங்கத்தினர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "நெடுஞ்சாலையில் நன்றாக ஓடும் மோட்டார் சைக்கிள், விதைநெல் மூட்டையுடன் சேற்றுப் பாதையில் இறங்கினால் திணறுகிறதே, ஏன்?" ஐப்பசி மழையில் ஊறிய களிமண்ணிலும், திருமுல்லைவாசல் பக்கத்து மணலிலும் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓட்டினால் அதன் தட்டுகள் கருகிவிடும். செலவு நம் தலையில்.

இராட்டையை நோக்குக. பெரிய சக்கரம் சிறு கதிரைச் சுழற்றுவதால் வேகம் மிகுகிறது. மோட்டார் சைக்கிளிலோ, சிறிய பல்சக்கரம் பெரியதைச் சுழற்றுகிறது. வேகம் குறைந்து இழுவை மிகுகிறது. முன்னது 14 பல், பின்னது 42 பல் எனக் கொள்வோம், விகிதம் 3. முன்னதை 13 பல்லாக்கினால் விகிதம் 3.23, இழுவை நூற்றுக்கு ஏறக்குறைய 8 பங்கு கூடும். பின்னதை 45 பல்லாக்கினும் பலன் ஏறத்தாழ அதுவே. ஆயின் செலவு அதிகம், சங்கிலியும் நீள வேண்டிவரலாம்.

இந்த ஆதாயம் இனாமன்று. அதே வேகத்தில் எஞ்சின் கூடுதலாகச் சுழலும். சாலையில் பெட்ரோல் செலவு ஏறும். ஆகவே, நாள்தோறும் சுமையுடன் சேற்றிலோ மணலிலோ செல்வோர் மட்டும் ஒரு பல் குறைக்கலாம். பெரும்பாலும் சாலையிலேயே செல்வோர் இருப்பதை மாற்ற வேண்டா. மேலும் மேலும் குறைத்தல் தகாது. சங்கிலி மிக வளைந்து விரைவில் தேயும். தேய்ந்த சங்கிலியைப் புதிய பல்சக்கரத்தில் பூட்டுவதும் வீண். இரு பல்சக்கரங்களையும் சங்கிலியையும் ஒருங்கே மாற்றுக.

எல்லாவற்றுக்கும் முன் டயரைப் பாருங்கள். வழுவழுத்த டயருக்கு எந்தப் பல்சக்கரமும் உதவாது.