கொச்சியில் கார்ல்மானும் ராபின் ஹூடும்

பள்ளுருத்தி, மட்டாஞ்சேரிப் பகுதிகளில் வாழும் தமிழன்பர்களுள் சிலரேனும் சவிட்டு நாடகத்தைக் கண்டிருப்பர். போர்த்துக்கீசியர் வந்த பின்னர், கொச்சிக் கரையோரத்து லத்தீன் கத்தோலிக்க மக்களிடையே உருவான கூத்து அது. சவிட்டு என்றால் மிதித்தல். சவட்டுதல் என்று குமரி மாவட்டத்தார் இன்றும் வழங்கும் சொல்லே. ஐரோப்பியப் பேரரசனான கார்ல்மானும் அவன் வீரர்களும் முடியும் கவசமும் தரித்து, பலகை மேடை அதிர மிதித்துப் பாடியாடுவர். வாட்போர் தாளம் பிசகாமல் நடைபெறும். வியப்பு யாதெனின், மலையாளம் பேசும் இம்மக்களின் பழைய நாடகங்கள் பெரிதும் தமிழில் அமைந்தவை! கார்ல்மான் நாடகத்தை இயற்றியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்பது வழிவழிச் செய்தி.

வீரமும் காதலும் கலந்த இத்தகைய கதைகளையே ஹாலிவுட்டின் தொடக்ககாலப் படங்களும் நாடின. டக்ளஸ் பேர்பாங்க்ஸ் 1920-இல் ஸாரோவாகவும் 1922-இல் ராபின் ஹூடாகவும் தோன்றினார். அவை பேசாப் படங்கள். ஆகவே வீரனின் மனநிலையை உடலே உரைக்க வேண்டியிருந்தது. இடுப்பில் கையூன்றி நகைப்பதும், மதிலில் தாவுவதும் அவருடைய வசனங்கள். ராபின் ஹூடில் கோட்டையின் நெடுந்திரையைப் பற்றி அவர் வழுக்கி இறங்குவார். திரைக்குப் பின்னே சறுக்குப் பலகை மறைந்திருந்தது. கண்கட்டு வித்தைதான், ஆனால் அவர் துணிவை யாரும் ஐயுறவில்லை.

1938-இல் எரால் பிளின் ராபின் ஹூடாக நடித்தபோது படம் பேசியது, வண்ணமும் பெற்றது. எனினும் மனத்தில் நிற்பது பேச்சன்று. இறுதி வாட்போரில் இருவரும் தூணுக்கப்பால் மறைய, தூணின்மேல் அவர்களுடைய நிழல்கள் பொருதும் காட்சியே நிற்கிறது. எதிரியாக நடித்த பாசில் ராத்போன் வாள்வித்தையில் பிளின்னைவிடத் தேர்ந்தவர். கதைக்காக அவரே வீழ வேண்டியதாயிற்று!

மொழி கடந்து கதை சொல்லும் ஆற்றல் இரண்டிற்கும் பொது. ஆயினும் திரையில் காமிரா முகத்தருகே சென்று கண்ணசைவையும் காட்டிவிடும். சவிட்டு நாடகக் கலைஞருக்கு அந்த வசதியில்லை. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அரசனின் சினம் அவன் பாதத்திலேயே தெரிதல் வேண்டும். அதனோடு அவரே பாடவும் வேண்டும். இவ்வகையில் அவர் பணி பேர்பாங்க்ஸின் பணியைவிடக் கடினமானது என்பேன்.

சுவடி பார்த்துச் சுவடி எழுதியதில் தமிழ்ச் சொற்கள் பல உருமாறியுள்ளன. பொருள் முழுதும் விளங்காமலே பாடுவோரும் உண்டு. அடுத்தமுறை மேடை அதிரும்போது, அன்பர்களே, சற்று அருகில் அமர்ந்து கேளுங்கள். அயலாருக்கு விளங்காத அடி உங்களுக்கு விளங்கலாம். ஆசானிடம் அதை எடுத்துச் சொல்லுங்கள்.