முட்டிக்கும் மணி தெரியும் மச்சி!

'மூட்டுவலியா? அது தாத்தா, பாட்டி சமாச்சாரமாச்சே!'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அசைன்மென்ட், மூணு மணிக்கு பரோட்டா, மதியம் பன்னிரண்டுக்கு குட்மார்னிங்... இப்படி ஓடுற பார்ட்டியா நீங்க? அப்போ இது உங்க மேட்டர்தான்!

நம்ம மூளையில ஹைபோதலாமஸ்னு ஒரு ஏரியா. அங்கே இருக்கிற ஒரு குட்டி நரம்புக் கூட்டம்தான் உடம்போட தலைமைக் கடிகாரம். கண்ணுல படுற வெளிச்சத்தை வெச்சு அது டைம் செட் பண்ணிக்கும். இந்தக் கடிகாரம் செல்லுக்குள்ளே எப்படி ஓடுதுனு பழ ஈக்களை வெச்சுக் கண்டுபிடிச்ச ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூணு பேருக்கும் 2017-ல மருத்துவ நோபல் பரிசு கிடைச்சது.

தலைமை ஆபீஸ் மட்டுமில்ல, உறுப்புக்கு உறுப்பு லோக்கல் பிராஞ்சும் உண்டு. கல்லீரலுக்கு ஒண்ணு, குடலுக்கு ஒண்ணு. மூட்டுல எலும்பும் எலும்பும் உரசாம குஷன் மாதிரி இருக்கிற குருத்தெலும்புக்கும் ஒண்ணு! இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், சுண்டெலிகளோட குருத்தெலும்புல மட்டும் 'பிமால்1'ங்கிற கடிகார ஜீனை ஆஃப் பண்ணிப் பார்த்தாங்க. குருத்தெலும்பு மெள்ள மெள்ளத் தேய ஆரம்பிச்சிடுச்சு. இது 2016-ல வெளியான ரிசல்ட். அதுக்கு முந்தின வருஷம் சிகாகோவுல ஜீனைத் தொடவே இல்லை. கூண்டுல பகலையும் ராத்திரியையும் வாராவாரம் தலைகீழா மாத்திக்கிட்டே இருந்தாங்க. அந்த எலிகளுக்கும் முட்டியில தேய்மானத்தோட அறிகுறிகள்!

எலிக்கு நடந்தது அப்படியே நமக்கும் நடக்கும்னு சொல்லிட முடியாதுதான். ஆனா, நம்ம மூட்டும் மணி பார்த்துதான் நடக்குது. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் இருக்கிறவங்களுக்கு காலையிலதான் விரல் மடக்க முடியாம இறுகிக்கும். வீக்கத்தைத் தூண்டுற ரசாயனங்கள் ராத்திரியில ஏறி, விடியற்காலையில உச்சத்துக்குப் போறதுதான் காரணம். யூரிக் அமிலம் மூட்டுல படியறதால வர்ற 'கவுட்' வலியோ, பகலைவிட நள்ளிரவுல இருந்து காலை எட்டு மணிக்குள்ளே வர்ற வாய்ப்பு 2.4 மடங்கு அதிகம்னு 2015-ல ஓர் அமெரிக்க ஆய்வு சொல்லுது.

சரி, பரோட்டா என்ன பாவம் பண்ணிச்சு? மூளைக் கடிகாரத்துக்கு வெளிச்சம் சாவின்னா, கல்லீரல் கடிகாரத்துக்கு சாப்பாட்டு நேரம்தான் சாவி. நடுராத்திரி சாப்பிட்டா மூளை 'ராத்திரி'ங்கும், கல்லீரல் 'லன்ச்'ங்கும். ஒரே உடம்புல ரெண்டு டைம்டேபிள்! அந்த நேரத்துல சர்க்கரையைச் சமாளிக்கிற சக்தியும் உடம்புக்குக் கம்மி. விளைவு, வெயிட்டு. உடம்புல ஒரு கிலோ குறைஞ்சா, எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் முட்டியில சுமார் நாலு கிலோ சுமை குறையும். ஏறினா? நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க!

கூடவே கூல்டிரிங்க்ஸ். 2008-ல வெளியான ஓர் ஆய்வுல, தினம் ரெண்டோ அதுக்கு மேலேயோ இனிப்பு கூல்டிரிங்க்ஸ் குடிச்ச ஆண்களுக்கு, மாசத்துக்கு ஒண்ணுகூட குடிக்காதவங்களைவிட கவுட் வர்ற ரிஸ்க் 85 சதவிகிதம் அதிகமா இருந்துச்சு.

இன்னொரு விஷயம்... குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது. மூட்டுக்குள்ளே இருக்கிற திரவம்தான் அதோட மெஸ். நாம நடக்கும்போது ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கி விரிஞ்சு சாப்பாட்டை உறிஞ்சிக்கும். ராத்திரி பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தே இருந்தா, அன்னிக்கு மெஸ் லீவு!

கேம்பஸ்ல வேலை கிடைச்சு நைட் ஷிப்ட்டுக்குப் போகப்போற நம்ம செட் ஆளுங்களுக்கு, 'சீக்கிரம் தூங்கு'னு சொன்னா சிரிப்புதான் வரும். தூக்க நேரம் நம்ம கையில இல்லைன்னாலும், கையில இருக்கிறது கொஞ்சம் உண்டு. நடுராத்திரி ஃபுல் கட்டு கட்டுறதைத் தள்ளிவைக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒருதடவை எழுந்து நடக்கலாம். கூல்டிரிங்க்ஸுக்குப் பதிலா மோர். ஷிப்ட் இல்லாத ஸ்டூடன்ட்ஸுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. எழுந்திரிக்கிற நேரத்தை ஞாயித்துக்கிழமையும் மாத்தாதீங்க, காலை வெயில் கண்ணுல படட்டும்.

காலையில எழுந்ததும் மூட்டு வீங்கி, அரை மணி நேரத்துக்கு மேல இறுக்கம் விடலையா? 'இந்த வயசுல என்ன?'னு தைலம் தேய்ச்சுட்டு விட்டுடாதீங்க. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் இருபதுகள்லயும் வரும். ஆரம்பத்துலயே டாக்டரைப் பார்த்தா மூட்டு பாழாகாமத் தடுக்கலாம். செமஸ்டர்ல விட்டா அரியர் எழுதிக்கலாம் பாஸ், தேய்ஞ்ச குருத்தெலும்புக்கு சப்ளிமென்டரி எக்ஸாம் கிடையாது!